பங்குதாரருக்குத் தராத லாபம் என்ன ஆகிறது?

கோலார் தங்க வயல்காரர்களுக்குப் பாலகாட் என்பது ஊரின் ஒரு பகுதி. நூறாண்டுகளுக்கு முன் லண்டனில் பங்கு வாங்கி விற்றவர்களுக்கு அது ஒரு கம்பெனியின் பெயர். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று தங்க வயலில் ஐந்து பெரிய கம்பெனிகள் இருந்தன. ஐந்தையும் நிர்வகித்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிறுவனம். ஆனால் மண்ணுக்கு அடியில் இருந்த வளம் ஐந்துக்கும் ஒன்றாக இல்லை. மற்ற நான்கும் கொழித்த அளவுக்குப் பாலகாட் கொழிக்கவில்லை. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டபோது மூன்று சுரங்கங்கள்தான் தனித்தனியாக இருந்தன. பாலகாட் அதற்கு முன்பே நந்திதுர்க்கோடு கலந்துவிட்டது.

பங்கில் பணம் போடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இந்தக் கதைக்குள் இருக்கிறது. ஒரு கம்பெனி பல வருடம் சம்பாதிக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பங்குதாரருக்கு டிவிடெண்டாகக் கொடுக்கிறது. மீதியைத் தானே வைத்துக்கொள்கிறது. அந்த மீதி என்ன ஆயிற்று?

கம்பெனியின் ஆண்டறிக்கையில் இந்த மீதிக்குத் தக்கவைத்த லாபம் என்று பெயர். பேலன்ஸ் ஷீட்டில் பங்கு மூலதனத்துக்கு அடுத்தபடியாக ‘ரிசர்வ் அண்ட் சர்ப்ளஸ்’ என்று முன்பு இருந்தது. இப்போது பெரிய கம்பெனிகளின் கணக்கில் ‘இதர ஈக்விட்டி’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. கணக்கு எளிது. வரி போக நின்ற லாபம் 2 கோடி ரூபாய், டிவிடெண்ட் 50 லட்சம் என்றால், 1.5 கோடி அந்த இடத்தில் போய்ச் சேரும். அடுத்த வருட மீதி அதன் மேல் ஏறும். நஷ்டம் வந்தால் அதே இடத்திலிருந்து கழியும். கம்பெனி பிறந்த நாளிலிருந்து இன்றுவரை சேர்ந்த மொத்தக் கணக்கு அது.

இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் தவறாக ஒன்று நினைக்கிறார்கள். ‘300 கோடி ரிசர்வ் வைத்திருக்கிறான், பணக்காரக் கம்பெனி’ என்பார்கள். ரிசர்வ் என்ற சொல்லைக் கேட்டதும் இரும்புப் பெட்டி ஞாபகத்துக்கு வருகிறது. பெட்டியில் அப்படி எதுவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேலன்ஸ் ஷீட்டுக்கு இரண்டு பக்கம். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் சொல்கிறது. அது இப்போது என்ன உருவில் இருக்கிறது என்று மறுபக்கம் சொல்கிறது. தக்கவைத்த லாபம் முதல் பக்கத்து விஷயம். அந்த 300 கோடி இயந்திரமாக, கட்டடமாக, விற்காமல் கிடக்கும் சரக்காக, வசூலாகாத பாக்கியாக, தாய்க் கம்பெனி துணைக் கம்பெனிக்குக் கொடுத்த கடனாக மாறியிருக்கலாம். ஆக, ரிசர்வ் பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் மறுபக்கத்தைப் படிக்க வேண்டும்.

மறுபக்கத்தில் ‘ரொக்கம்’ என்று எழுதியிருந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதை 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் காட்டியது. 2008 செப்டம்பர் கணக்குப்படி ரொக்கமும் பாங்க் இருப்புமாக ரூ. 5,361 கோடி இருந்தது. அதில் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை என்று கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வருடா வருடம் இல்லாத லாபத்தை எழுதினால், அது இல்லாத ரிசர்வாகச் சேரும். ரிசர்வுக்குச் சமமாக இல்லாத ரொக்கத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட கணக்கில் ஒரு விநோதம் தெரியும். கையில் ஆயிரக்கணக்கான கோடி இருப்பதாகச் சொல்லும் கம்பெனி, அதற்குத் தகுந்த வட்டி வருமானத்தைக் காட்டாது. அல்லது காரணம் சொல்லாமல் வெளியே கடன் வாங்கும். ரிசர்வும் ஏறி, கடனும் ஏறி, ரொக்கமும் ஏறினால் அந்த ஆண்டறிக்கையைக் கீழே வைக்காதீர்கள். இன்னும் இரண்டு முறை படியுங்கள்.

சரி, லாபம் உண்மையானது, திருட்டு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தக்கவைத்த லாபம் வீணாகலாம். இதற்குத்தான் தங்க வயலின் கதை உதவுகிறது.

சுரங்கம் என்பது விசித்திரமான வியாபாரம். ஜவுளி ஆலை துணி விற்றால் ஆலை அப்படியே நிற்கும். சுரங்கம் தங்கம் விற்றால் சுரங்கமே அந்த அளவுக்குக் குறையும். சுரங்கத்தின் லாபத்தில் முதலின் ஒரு துண்டும் கலந்திருக்கிறது. அந்தத் துண்டை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் டிவிடெண்ட் தர வேண்டுமா? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் கோர்ட்டுக்கே போனது. நியூஷாடல் ஆஸ்ஃபால்ட் என்ற கம்பெனி சுவிட்சர்லாந்தில் தார்ப்பாறை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. பாறை குறைவதற்கு ஈடாக எதையும் ஒதுக்காமல் டிவிடெண்ட் தரக் கூடாது என்று லீ என்ற பங்குதாரர் வழக்குப் போட்டார். 1889-ல் அப்பீல் கோர்ட் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அப்படி ஒதுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை, அது கம்பெனியின் விதிகளையும் பங்குதாரர்களையும் பொறுத்தது என்பது தீர்ப்பின் சாரம்.

கோலார் சுரங்கங்கள் பணம் கொட்டத் தொடங்கிய காலமும் அதுதான். கோலார் கம்பெனிகள் லண்டனில் பதிவானவை. சாம்பியன் ஓட்டம் எனப்பட்ட தங்கப் பாறையில் ஆரம்ப காலத்தில் டன்னுக்கு ஓர் அவுன்ஸுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. லாபத்தின் பெரும்பகுதி டிவிடெண்டாகக் கப்பலேறியது. மைசூர் சமஸ்தானத்துக்கு ராயல்டி போயிற்று. லண்டன் பங்குதாரரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. சுரங்கம் ஒருநாள் தீரும் என்று அவருக்குத் தெரியும். வந்த டிவிடெண்டை ரப்பரிலோ ரயில்வேயிலோ வேறு சுரங்கத்திலோ போட்டுக்கொண்டால் அவர் முதல் பிழைத்துவிடும். தீரப் போகிற தொழிலில் லாபத்தைத் தக்கவைக்காமல் கொடுத்துவிடுவது பங்குதாரர் கோணத்தில் நல்ல நிர்வாகம்தான்.

கம்பெனிகள் நிறுத்திவைத்த பகுதி எங்கே போனது? பெரும்பாலும் பூமிக்குள். மேலே இருந்த தங்கம் தீரத் தீர, சுரங்கம் ஆழம் போயிற்று. கடைசியில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஆழம் ஏறினால் செலவும் ஏறும். மேலும் ஒரு ஷாஃப்ட் தோண்ட வேண்டும். தண்ணீரை இறைக்க வேண்டும். கொதிக்கும் பாறைக்கு நடுவே ஆள் வேலை செய்யக் காற்றைக் குளிரவைத்து அனுப்ப வேண்டும். பாறை வெடித்துச் சரியும் ஆபத்துக்குத் தூண் கட்ட வேண்டும். இத்தனையும் செய்தால் போன வருடம் எடுத்த அதே தங்கத்தை இந்த வருடமும் எடுக்கலாம். அதற்கு மேல் ஒரு குந்துமணி கிடைக்காது.

இப்படி நின்ற இடத்தில் நிற்பதற்கே விழுங்கப்படும் லாபத்தை, லாபம் என்று சொல்வதே சந்தேகம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1984-ம் ஆண்டுக்கான தமது பங்குதாரர் கடிதத்தில் இதைத்தான் கட்டுண்ட வருமானம் என்ற பொருளில் விளக்கினார். கணக்கில் லாபம் என்று இருக்கும். அதை எடுத்துப் பங்குதாரருக்குக் கொடுத்தால் கம்பெனி படுத்துவிடும். மீண்டும் உள்ளேயே போட்டால் பழைய நிலை நீடிக்கும், வளர்ச்சி வராது. சுரங்கத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல இது. பழைய தறிகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நெசவாலை, மூன்று வருடத்துக்கு ஒரு முறை இயந்திரம் பழசாகிவிடும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, போட்டிக்காரன் கடை திறந்தான் என்பதற்காகத் தானும் திறக்க வேண்டிய சில்லறை வியாபாரம் எல்லாவற்றிலும் இது உண்டு.

தக்கவைத்த லாபம் விதைநெல் மாதிரி. சமைத்துச் சாப்பிட்டுவிடலாம். குதிரிலேயே கிடந்து புழுக்கலாம். களர் நிலத்தில் விதைத்துவிட்டு, விதைத்தோம் என்று திருப்திப்படலாம். நல்ல நிலத்தில் போட்டால்தான் மறு போகம்.

நல்ல நிலமா, களரா என்று ஒரு சின்னக் கணக்கில் கண்டுபிடிக்கலாம். பத்து வருடத்துக்கு முன் இரண்டு கம்பெனிகள் தலா 2 கோடி ரூபாய் வருட லாபம் சம்பாதித்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து வருடத்தில் இரண்டும் டிவிடெண்ட் போகத் தலா 15 கோடி தக்கவைத்திருக்கின்றன. இரண்டின் ரிசர்வும் ஒரே அளவு ஏறியிருக்கும். இப்போது முதல் கம்பெனியின் வருட லாபம் 4.25 கோடி. இரண்டாவதன் லாபம் 2.30 கோடி. முதல் கம்பெனி 15 கோடியை வைத்துக்கொண்டு வருடத்துக்கு 2.25 கோடி கூடுதலாகச் சம்பாதிக்கிறது. அது 15 சதவிகிதம். இரண்டாவது கம்பெனி அதே 15 கோடியில் கூடுதலாகச் சம்பாதிப்பது 30 லட்சம். 2 சதவிகிதம். அந்த 15 கோடியைப் பங்குதாரருக்குக் கொடுத்திருந்தால் அவர் பக்கத்துத் தெரு பாங்கில் டெபாசிட் போட்டே இதைவிட அதிகம் பெற்றிருப்பார்.

ஒரே ஒரு வருட லாபத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சர்க்கரை, சிமென்ட், உருக்கு போன்ற தொழில்களில் ஒரு நல்ல வருடம் எல்லாவற்றையும் அழகாகக் காட்டிவிடும். தொடக்கத்தில் மூன்று வருடச் சராசரி, முடிவில் மூன்று வருடச் சராசரி என்று எடுத்தால் தவறு குறையும். பஃபெட் 1983-ல் இன்னொரு அளவுகோலையும் சொன்னார். தக்கவைத்த ஒவ்வொரு டாலருக்கும் காலப்போக்கில் பங்கின் சந்தை மதிப்பு குறைந்தது ஒரு டாலராவது ஏறியிருக்க வேண்டும். அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே கம்பெனி 1967-ல் ஒரே ஒரு முறை டிவிடெண்ட் தந்ததோடு சரி. அதன் பிறகு எல்லாவற்றையும் தக்கவைத்தது. அந்தச் சோதனையில் தேறிக்கொண்டே வந்ததால்தான் பங்குதாரர்கள் சும்மா இருந்தார்கள். டிவிடெண்ட் தராமல் இருக்கும் கம்பெனியெல்லாம் பெர்க்‌ஷயர் ஆகிவிடாது.

போனஸ் பங்கு பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வில் இருக்கும் தொகையைப் பங்கு மூலதனம் என்று பெயர் மாற்றி, புதுப் பங்காகக் கொடுப்பதுதான் போனஸ். கம்பெனிக்குள் ஒரு ரூபாய் கூட வராது, வெளியேயும் போகாது. வாழை இலையை இரண்டாகக் கிழித்தால் பந்தியில் சோறு இரட்டிப்பாகாது.

ரிசர்வ் என்ற தலைப்புக்குள் இருக்கும் எல்லாமே சம்பாதித்ததும் அல்ல. பங்கை முகமதிப்புக்கு மேல் விற்றதில் வந்த பிரீமியம் அங்கே இருக்கும். அது பங்குதாரர் கொடுத்த பணம், கம்பெனி உழைத்தது அல்ல. நிலத்தின் மதிப்பை ஏற்றி எழுதியதால் வந்த தொகையும் இருக்கலாம். 2016-க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் புதிய கணக்கு முறைக்கு மாறியபோது, இப்படி ஏற்றிய மதிப்பு சில கம்பெனிகளில் தக்கவைத்த லாபத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. கைக்கு வராத இந்த லாபத்திலிருந்து டிவிடெண்ட் தரச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆண்டறிக்கையில் ஈக்விட்டி மாற்றங்கள் என்ற பக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

இனி, இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்? தங்க வயலுக்கே திரும்புவோம். மைசூர் அரசிடமிருந்து சுரங்கங்கள் 1962-ல் மத்திய அரசுக்கு வந்தன. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற கம்பெனி உருவானது. அதற்குள் நல்ல பாறை தீர்ந்துகொண்டிருந்தது. கடைசி ஆண்டுகளில் டன்னுக்குச் சில கிராம் தங்கம்தான். சித்தூர் மாவட்டத்தில் சிகரகுண்டா, அனந்தப்பூர் மாவட்டத்தில் எப்பமனா என்று வேறு சுரங்கங்களையும் கம்பெனி நடத்திப் பார்த்தது. நஷ்டம் நிற்கவில்லை. தக்கவைத்த லாபம் இருக்க வேண்டிய இடத்தில் திரண்ட நஷ்டம் வருடா வருடம் ஏறிக்கொண்டு போனது.

அப்போது அமலில் இருந்த 1985-ம் ஆண்டு நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டத்துக்கு இந்த ஒரு எண்தான் அளவுகோல். திரண்ட நஷ்டம், கம்பெனியின் மொத்தச் சொந்த நிதிக்குச் சமமாகவோ அதிகமாகவோ ஆகிவிட்டால் கம்பெனி நலிந்தது. 1991-ல் பொதுத்துறை நிறுவனங்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. 1992-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியத்தின் முன் போயிற்று. 2000 ஜூனில் கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்று வாரியம் கருத்துச் சொன்னது. 2001 மார்ச் 1-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. (அந்தச் சட்டமும் வாரியமும் 2016 டிசம்பரில் போய்விட்டன. இப்போது நொடிப்புச் சட்டம்.)

பாரத் கோல்ட் மைன்ஸ் பங்கு எந்த மாமாவிடமும் இல்லை, அது அரசுக் கம்பெனி. ஆனாலும் அதன் பேலன்ஸ் ஷீட்டை நம்பி ஒரு ஊரே இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. சம்பளம், குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு வேலை எல்லாம் ஒரே கம்பெனி. லண்டன் பங்குதாரர் டிவிடெண்டை எடுத்துக்கொண்டு வேறு இடம் போக முடிந்தது. லைன் வீட்டில் இருந்தவருக்கு அந்த வசதி இல்லை. பாறை தீரும் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் தீர்ந்த பின் சோறு போடும் ஒன்றாக அந்த லாபத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை. இன்று தங்க வயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

இதில் சம்பளக்காரருக்கு ஒரு பாடம் உண்டு. சம்பளம் வரும் கம்பெனியின் பங்கிலேயே சேமிப்பு முழுவதையும் போட்டு வைக்காதீர்கள். கம்பெனி உங்களுக்குப் பங்குச் சலுகை தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், விற்க அனுமதி வந்ததும் ஒரு பகுதியையாவது வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கம்பெனி படுத்தால் வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போகக் கூடாது.

வாங்குவதா, வைத்திருப்பதா என்ற முடிவுக்கு இப்போது வருவோம். பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் இன்று பங்குச் சந்தைகளின் இணையத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து வருடத்து அறிக்கைகளை எடுங்கள். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: பத்து வருடத்தில் சம்பாதித்த மொத்த லாபம், கொடுத்த மொத்த டிவிடெண்ட், தொடக்க லாபம், இப்போதைய லாபம். கம்பெனி தன் பங்கையே திரும்ப வாங்கியிருந்தால் அந்தத் தொகையையும் டிவிடெண்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லாபத்திலிருந்து இதைக் கழித்தால் தக்கவைத்த தொகை. லாபம் கூடியதை அதனால் வகுத்தால் சதவிகிதம். பக்கத்தில் கடன் ஏறியதா, வசூலாகாத பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறியதா, குடும்பக் கம்பெனிகளுக்குக் கடன் போயிற்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி வந்த லாபத்தைத் தக்கவைத்த லாபத்தின் கணக்கில் சேர்த்துப் பாராட்டக் கூடாது.

சதவிகிதம் நன்றாக இருந்தால், டிவிடெண்ட் குறைவு என்று புலம்ப வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி பங்குதாரர் தலையில்தான். கம்பெனி உள்ளேயே வைத்து நன்றாக உழைக்க வைத்தால் உங்களுக்கு அந்த வரி இப்போதைக்கு மிச்சம். சதவிகிதம் பாங்க் வட்டிக்கும் கீழே இருந்து, நிர்வாகம் ‘எதிர்கால வளர்ச்சிக்காக’ என்று சொல்லி லாபத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே போனால், எந்த வளர்ச்சி என்று கேளுங்கள். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடத்தில் இருக்கும் கம்பெனிகள் டிவிடெண்ட் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. தக்கவைத்த லாபத்தை எப்படிப் பயன்படுத்துவோம் என்று அதில் சொல்லியாக வேண்டும். பொதுக்குழுவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு.

தங்க வயலில் சயனைடு மேடுகள் என்று சொல்லப்படும் குன்றுகள் இருக்கின்றன. தங்கம் எடுத்த பின் கொட்டிய கழிவு. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத் தங்கத்தை எடுக்க, 13 மேடுகளில் மறுபடி வேலை தொடங்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் சம்மதம் தந்தது. அப்படி லாபம் வந்தால் அதில் எவ்வளவு வெளியே போகும், எவ்வளவு உள்ளே நிற்கும், நிற்பது எதுவாக மாறும் என்ற பழைய கேள்விகள் அங்கே திரும்பவும் வரும். உங்கள் கையில் இருக்கும் பங்குக்கு அவற்றைக் கேட்க அடுத்த ஆண்டறிக்கை வரை காத்திருக்க வேண்டியதில்லை. போன வருடத்து அறிக்கையே போதும்.